வாள் எட்டும் தூரம்

சோல்காலிபர் என்ற ஆயுதச் சண்டை வீடியோ கேமில் என் அக்கா மகன் தொடர்ந்து 11 ஆட்டம் என்னிடம் தோற்றான். நான் எடுத்த பாத்திரம் கிலிக், கையில் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பு. அவன் எடுத்தது டாகி என்ற பெண், முழங்கை நீளத்தில் இரண்டு குறுவாள். ஒவ்வொரு தடவையும் அவள் நேராக ஓடி வருவாள், கம்பு நுனி நெஞ்சில் இடிக்கும், விழுவாள். எழுந்து மறுபடியும் நேராகத்தான் ஓடி வருவாள்.

“மாமா, என்னால கிட்டவே வர முடியல.”

“நேரா வர்றியேடா, அதான்.”

“வேற எப்படி வர்றது?”

நான் பதில் சொல்லவில்லை. இது வாயால் சொன்னால் விளங்குகிற விஷயம் இல்லை, கட்டைவிரலுக்கு விளங்க வேண்டும். 12ஆவது ஆட்டத்தில் விளங்கியது. நான் கம்பைத் தலைக்கு மேல் தூக்கி நெட்டுக்குத்தாக இறக்கினேன். அவன் விரல் தவறிப் பட்டதா, தெரிந்தே அழுத்தினானா தெரியாது, டாகி ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தாள். கம்பு அவள் தோளை ஒட்டி இறங்கிக் காற்றை வெட்டியது. இப்போது என் கம்பு கீழே கிடக்கிறது, விலாப்பக்கம் திறந்திருக்கிறது, அவள் எனக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவன் ஒரு விநாடி ஒன்றுமே செய்யவில்லை. வாய் பிளந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் அடித்தான்.

அந்த ஒரு விநாடியை எனக்கு நன்றாகத் தெரியும். அதே மாதிரி நானும் ஒரு நாள் வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறேன். நண்பனின் அண்ணன் வாங்கி வைத்திருந்த டிரீம்காஸ்ட் என்ற கேம் கன்சோலில், முதல் சோல்காலிபரில். அன்றைக்கு என்னை அப்படி உட்கார வைத்தது எது என்று இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். கதை, படம், பாட்டு எல்லாமே எனக்குப் பிடிக்கும். ஆனால் என்னைத் திரும்பத் திரும்ப இழுத்துவருவது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளி.

வெறுங்கைச் சண்டை கேம்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், அவற்றையும் நிறைய ஆடியிருக்கிறேன். ஆனால் அங்கே எல்லார் கையும் கிட்டத்தட்ட ஒரே நீளம். யார் அடி எவ்வளவு தூரம் எட்டும் என்பதை அடி வாங்கித்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். ஆயுதம் கைக்கு வந்ததும் அது கண்ணுக்கே தெரிந்துவிடுகிறது. சீக்ஃபிரீட்டின் பெரிய வாளைப் பார்த்தாலே போதும்: இது தூரத்திலிருந்து வரும், மெதுவாக வரும், பட்டால் தாங்காது. ஸியாங்ஹுவாவின் மெல்லிய வாளைப் பார்த்தால் வேகமாக வரும் என்று தெரியும். விதிமுறைப் புத்தகம் எதுவும் வேண்டாம், ஆயுதத்தின் நீளமும் எடையும்தான் விதிமுறை. கன்ட்ரோலரைப் பிடித்தே பழகாத ஒருவரிடம் கொடுத்தாலும், முதல் ஐந்து நிமிஷத்தில் “அவன்கிட்ட நீளமான கம்பு இருக்கு, நான் கிட்டப் போயாகணும்” என்று அவரே சொல்லிவிடுவார்.

இந்தத் தொடர் 1995 கடைசியில் நாம்கோ நிறுவனம், கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களில் விட்ட சோல் எட்ஜ் என்ற கேமிலிருந்து தொடங்குகிறது. பிளேஸ்டேஷனுக்கு வந்து மேற்கு நாடுகளுக்குப் போனபோது அதற்கு சோல் பிளேடு என்று பெயர் மாற்றினார்கள். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு யோசனை உண்டு. உயிர் அளவைக் காட்டும் பட்டைக்குக் கீழே ஆயுதத்துக்கும் ஒரு பட்டை இருக்கும். எதிராளியின் அடிகளைத் தடுத்துக்கொண்டே இருந்தால் அது தேய்ந்துகொண்டே வரும். தீர்ந்துபோனால் வாள் கையிலிருந்து போய்விடும், மீதிச் சண்டையை வெறுங்கையோடு போட வேண்டியதுதான். ஒளிந்துகொண்டே இருக்கிறவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் கொடுத்த முதல் பதில் அது. அடுத்த கேமில் அந்தப் பட்டையை எடுத்துவிட்டார்கள். ஆனால் கேள்வி மட்டும் தொடரை விட்டுப் போகவே இல்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

1998இல் ஆர்கேடுக்கு சோல்காலிபர் வந்தது. அதில்தான் எட்டுத் திசை நடை வந்தது. அதற்கு முன்பு பெரும்பாலான முப்பரிமாணச் சண்டை கேம்களில் முன்னே, பின்னே, அப்புறம் பக்கவாட்டில் ஒரு சின்னத் துள்ளல், அவ்வளவுதான். இங்கே எந்தத் திசையை அழுத்திப் பிடித்தாலும் ஆள் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கினான். எதிராளியைச் சுற்றி வட்டம் போடலாம், மூலைக்கு மூலை வளைந்து வரலாம். எழுத்தில் சொன்னால் சின்ன விஷயம் மாதிரி இருக்கிறது. ஆனால் கோட்டின் மேல் நடந்த சண்டை தரைக்கு வந்தது அன்றைக்குத்தான். வாள் வைத்திருக்கிற ஒருவனுக்குக் கோடு போதாது, அவனுக்குத் தரை வேண்டும்.

தரை கிடைத்ததும் பட்டன்களுக்கும் அர்த்தம் வந்துவிட்டது. ஏ அழுத்தினால் வாள் குறுக்கே வீசும். பி அழுத்தினால் மேலிருந்து கீழே வெட்டும். மூன்றாவது பட்டன் உதை, நான்காவது தடுப்பு. குறுக்கே வீசினால் பக்கவாட்டில் நகர்கிறவன் மாட்டிக்கொள்வான், ஆனால் தலைமட்டத்தில் வருகிற வீச்சுக்குக் குனிந்து தப்பலாம். மேலிருந்து வெட்டினால் குனிந்தவன் மாட்டுவான், பக்கவாட்டில் நகர்ந்தவன் தப்பிவிடுவான். முழு கேமும் இந்த நான்கு வரியில் அடங்கும். எதிராளியைப் பிடித்து எறிவதிலும் அந்த கேமில் இதேதான்: தடுப்புப் பட்டனை ஏயோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால் எதிராளி ஏ அழுத்தி உதறலாம், பியோடு பிடித்தால் பி. குறுக்கா, நெட்டா என்ற ஒரே கேள்வியை ஆட்டம் முழுக்க வேறு வேறு வேகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இவ்வளவு எளிமையான ஒரு அடித்தளத்தின் மேல் இவ்வளவு பெரிய வீடு கட்டிய வேறொரு சண்டை கேமை நான் பார்த்ததில்லை.

1999 ஆகஸ்டில் ஜப்பானில் சோல்காலிபர் டிரீம்காஸ்டுக்கு வந்தது. செப்டம்பர் 9ஆம் தேதி அமெரிக்காவில் டிரீம்காஸ்ட் விற்பனைக்கு வந்த அன்றே இதுவும் கடைக்கு வந்தது. ஆர்கேட் இயந்திரத்துக்குள் இருந்த சிஸ்டம் 12 என்ற மின்னணுப் பலகை பிளேஸ்டேஷனின் உறவுக்காரப் பலகைதான், டிரீம்காஸ்டோ அதைவிடப் பல மடங்கு வலுவானது. அதனால் வழக்கத்துக்கு மாறாக, வீட்டில் ஓடியது ஆர்கேடில் ஓடியதைவிட அழகாக இருந்தது. ஜப்பானின் ஃபாமிட்சு என்ற கேம் இதழ் 40க்கு 40 கொடுத்தது. அதுவரை அந்த மதிப்பெண்ணை வாங்கியிருந்தது ஒரே ஒரு கேம். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது மிட்சுருகி வாளை உறையில் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவன் உடையின் மடிப்பு அசைந்த விதம்தான். யாரும் யாரோடும் சண்டை போடாமல், பாத்திரங்கள் தங்கள் ஆயுதப் பயிற்சியைத் தனியாகச் செய்துகாட்டும் ஒரு பகுதியும் அதில் இருந்தது. சண்டையே இல்லாத அந்தப் பகுதியை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒரு ஆயுதத்தை எப்படிப் பிடிப்பது, எடையை எந்தக் காலில் வைப்பது, வீசி முடித்த பிறகு உடம்பு எப்படி நிலைக்குத் திரும்புகிறது, எல்லாம் அங்கே இருந்தது.

சரி, கார்டு இம்பேக்டுக்கு வருகிறேன். இந்த கேமைப் பற்றிப் பேசி இதைப் பேசாமல் போக முடியாது.

சாதாரணமாகத் தடுத்தால் அடி படாது, அவ்வளவுதான். கார்டு இம்பேக்ட் வேறு. எதிராளியின் ஆயுதம் வந்து படப்போகிற அந்தக் கணத்தில், திசையையும் தடுப்புப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால், உன் ஆயுதம் அவன் ஆயுதத்தைத் தட்டி விலக்கும். ‘டங்’ என்று ஒரு சத்தம், ஒளி ஒன்று வெடிக்கும், அவன் உடம்பு நிலைதடுமாறித் திறந்துகொள்ளும். ஆரம்பகால கேம்களில் முன்னால் அழுத்தினால் ஒரு மாதிரி, பின்னால் அழுத்தினால் இன்னொரு மாதிரி. நேரம் கொஞ்சம் தப்பினாலும் அடி உனக்குத்தான்.

இதுவரை கேட்டால் இது ஒரு தந்திரம் மாதிரிதான் தெரியும். அதற்கு அடுத்து வருவதுதான் விசேஷம். ஆரம்பகால சோல்காலிபர்களில், தட்டப்பட்டவனால் உடனே சாதாரணத் தடுப்பு போட முடியாது, ஆனால் திருப்பித் தட்ட முடியும். அதாவது நான் அவனைத் தட்டிவிட்டேன், அடிக்கப் போகிறேன். நான் உடனே அடிப்பேன் என்று அவனுக்குத் தெரியும், அதனால் அவன் உடனே தட்டுவான். அவன் தட்டுவான் என்று எனக்கும் தெரியும், அதனால் நான் அரை மூச்சு நிறுத்துகிறேன். அவன் தட்டல் காற்றில் போகிறது. இப்போது அடிக்கிறேன். அடுத்த தடவை அந்த அரை மூச்சை அவன் எதிர்பார்ப்பான். அப்போது நிறுத்தாமல் அடிக்க வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்த இரண்டு பேர் மோதினால் டங், டங், டங் என்று மூன்று நான்கு தட்டல் தொடர்ந்து விழும், யாருக்கும் அடி பட்டிருக்காது, பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். நானும் என் நண்பனும் ஒரு தடவை அப்படி ஐந்து தட்டல் போயிருக்கிறோம். ஆறாவது யாருடையது என்று எங்கள் இருவருக்கும் இன்றைக்கும் ஒரே கருத்து கிடையாது. அதைப் பற்றி இப்போதும் போனில் பேசுவோம்.

விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடுகிற ஒரு கேமில் அரை மூச்சு என்பது மிக நீளமான நேரம். அந்த நேரத்துக்குள் நாம் ஆடுவது எதிரில் இருக்கிற மனிதனை வைத்துத்தான். அவன் பொறுமையா, பதற்றமா, போன தடவை ஏமாந்ததை மனதில் வைத்திருக்கிறானா, எல்லாம் அந்த இடைவெளியில் வந்து நிற்கும்.

ஆயுதச் சண்டைக்கு வேறு பாதைகளும் உண்டு என்று இங்கே சொல்லிவிட வேண்டும். எஸ்என்கே நிறுவனம் 1993இல் கொடுத்த சாமுராய் ஷோடவுன் என்ற கேமில் கனமான ஒரு வெட்டு பட்டாலே பாதி ஆட்டம் போனது போலத்தான். அதனால் இருவரும் பட்டனைத் தொடாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். 1997இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த புஷிடோ பிளேடு இன்னும் ஒரு படி போனது: உயிர்ப் பட்டையே கிடையாது, சரியான இடத்தில் ஒரே வெட்டு, முடிந்தது. இரண்டையும் மதிக்கிறேன், குறிப்பாக இரண்டாவதன் தைரியத்தை. ஆனால் அவற்றில் தவறு செய்தவனுக்குக் கற்றுக்கொள்ள நேரமில்லை. சோல்காலிபரில் தவறு செய்யலாம், அதே ரவுண்டிலேயே திருத்திக்கொள்ளவும் செய்யலாம். என் அக்கா மகன் 12 ஆட்டம் உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஒவ்வொரு ஆயுதமும் இடைவெளியைப் பற்றி ஒவ்வொன்றை நினைக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஐவியின் வாள் கிட்ட இருந்தால் வாள், தள்ளிப் போனால் துண்டு துண்டாகப் பிரிந்து சாட்டையாக நீளும். எந்த தூரத்தில் நின்றாலும் அவளுக்கு ஒரு பதில் உண்டு, ஆனால் எந்த தூரத்தில் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஆடுகிறவன் விடாமல் யோசிக்க வேண்டும். சோஃபிட்டியாவின் கேடயமும் குறுவாளும் “கிட்ட வா, தப்பு பண்ணு, தண்டிக்கிறேன்” என்று நிற்கும். மேக்ஸியின் நுன்சாக்கு ஒரு இடத்தில் நில்லாது, ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் அவனைத்தான் எடுப்பார்கள், ஏனென்றால் என்ன அழுத்தினாலும் அழகாக ஏதோ நடக்கும். பல வருஷம் ஆடியவர்களும் அவனை எடுப்பார்கள், அந்த ஓட்டத்தை எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியும்.

வோல்டோவைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கண் தெரியாதவன், இறந்துபோன எஜமானின் புதையலைக் காத்தவன். முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பான், வளைந்து கையும் காலும் ஊன்றி நண்டு மாதிரி ஓடுவான், தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்றே எதிராளிக்குப் புரியாது. அவன் கையில் இருப்பது நமக்குத் தெரிந்த கட்டாரியேதான்: குறுக்குப் பிடி, முஷ்டியால் குத்துவது போலக் குத்த வேண்டும். அந்த இரண்டு கட்டாரிகளுக்கும் மனஸ், ஆயுஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அந்தப் பெயர்களைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதுகைக் காட்டி நிற்பதையே ஒரு தாக்குதலாக மாற்றிய அந்த வடிவமைப்பாளர் யாராக இருந்தாலும் அவரைக் கும்பிட வேண்டும்.

அப்புறம் அரங்கத்தின் விளிம்பு. உயிர்ப் பட்டை முழுசாக இருந்தாலும், விளிம்புக்கு வெளியே விழுந்தால் அந்த ரவுண்டு போய்விடும். இது அநியாயம் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. எனக்கு இது இல்லாமல் சோல்காலிபரே இல்லை. இடைவெளிதான் எல்லாம் என்று சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் இருக்கிற இடத்துக்கு மட்டும் மதிப்பில்லை என்று எப்படிச் சொல்வது? ஆஸ்டராத் தன் கோடாரியோடு என்னை விளிம்புப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்போது, பின்னால் இருக்கிற நான்கு அடியும் என் உயிர்ப் பட்டையின் பகுதிதான். சில அரங்குகளில் சுவர் வைத்து, சிலவற்றைத் திறந்து விட்டது இரண்டாவது கேம். அப்போதிலிருந்து எந்த அரங்கில் ஆடுகிறோம் என்பதே பாதி உத்தி ஆயிற்று.

அந்த இரண்டாவது கேம், 2002இல் ஆர்கேடிலும் 2003இல் வீட்டு கன்சோல்களிலும் வந்தது, இன்றைக்கும் பலருக்கு உச்சம். கேம்கியூபில் லிங்க், பிளேஸ்டேஷன் 2இல் ஹெய்ஹாச்சி, எக்ஸ்பாக்ஸில் ஸ்பான் என்று ஒவ்வொரு கன்சோலுக்கும் வேறு கேமிலிருந்தோ காமிக்ஸிலிருந்தோ வந்த ஒரு விருந்தாளிப் பாத்திரம். 2005இல் மூன்றாவது, நாமே பாத்திரம் உருவாக்கும் வசதி வந்தது. 2008இல் நான்காவது. தடுத்துக்கொண்டே இருக்கிறவனை என்ன செய்வது என்ற பழைய கேள்வி அதில் திரும்பி வந்தது: அளவுக்கு மீறித் தடுத்தால் நிலைகுலைந்து, ஒரே அடியில் அந்த ரவுண்டு முடிந்துபோகும். 2012இல் ஐந்தாவது, கதையை 17 வருஷம் தள்ளிவைத்து, டாகி, சோஃபிட்டியா, ஸியாங்ஹுவா மாதிரி ஆட்களை எடுத்துவிட்டு அவர்கள் இடத்தில் இளையவர்களை நிறுத்தினார்கள். ஆட்டம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் பாத்திரம் தேர்வு செய்கிற திரையில் டாகி இருக்கிற இடத்தைத் தேடி என் விரல் போய், அவள் இல்லாமல் திரும்பியது எனக்குப் பெரிய வருத்தம்.

2018 அக்டோபரில் வந்த ஆறாவதில் கதையை மறுபடி முதலிலிருந்து தொடங்கி, டாகியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நானும் என் அக்கா மகனும் ஆடுவது இதைத்தான். பழைய கேள்விக்கு இதில் ரிவர்சல் எட்ஜ் என்று ஒரு புதுப் பதில்: ஒரே பட்டனை அழுத்திப் பிடித்தால் வருகிற அடிகளை ஏற்றுக்கொண்டு திருப்பி அடிக்கும், பட்டால் எல்லாம் மெதுவாகி, இருவரும் ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுத்து மோத வேண்டும். ஓட்டத்தை நிறுத்துகிறது என்று எனக்கு முதலில் பிடிக்கவில்லை. ஆனால் அவன் அதில்தான் முதன்முதலாக என் அடியைத் தடுத்தான். குறுக்கா நெட்டா என்ற கேள்வியை நிதானமாக, படம் போட்டுக் கேட்கிற மாதிரி அது. அதில் பழகினவனுக்கு வேகமாகக் கேட்டாலும் பதில் வரும். 2020இல் சாமுராய் ஷோடவுனின் ஹாவ்மாருவும் விருந்தாளியாக இதே அரங்கத்துக்கு வந்தான். ஒரு வெட்டுக்காகக் காத்திருக்கிற அந்த ஆட்டத்தின் ஆள் எட்டுத் திசையிலும் நடப்பதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஏழாவது இன்னும் வரவில்லை. வந்தால் முதல் நாளே வாங்குவேன். வராவிட்டாலும் எனக்கு ஆட இருக்கிறது.

அந்த 12ஆவது ஆட்டத்திலும் அவன் தோற்றான், ஆனால் அதை அவன் கவனித்த மாதிரியே தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தபோது, டாகி ஓடி வரவில்லை. என் கம்பு நுனி எட்டுகிற இடத்துக்கு அரை எட்டு வெளியே வந்து நின்றாள். நான் முன்னே போனால் பின்னே போனாள். நின்றால் நின்றாள். அவன் விரல்கள் பட்டன் மேல் இருந்தன, அழுத்தவில்லை.

“என்னடா, அடிக்க மாட்டியா?”

“நீங்க அடிங்க மாமா.”

மேலே கடிகாரம் இறங்கிக்கொண்டிருந்தது. நெட்டாக இறக்கினால் நகர்வான், போன வாரம் கற்றுக்கொண்டிருக்கிறான். அதனால் அரை எட்டு முன்னே வைத்து ஏ அழுத்தினேன். கம்பு தலைமட்டத்தில் குறுக்கே வீசிக்கொண்டு போனது.

அவன் ஏற்கெனவே குனிந்திருந்தான்.